கட்டாத கட்டடத்துக்கு ஒதுக்கிய வெயில்

சூரியனைப் பற்றி ஊசியம்மாவுக்கு அதுவரை எந்தப் புகாரும் இருந்ததில்லை. காலையில் வரும், சாயங்காலம் போகும், நடுவில் துணி காயும். அது யாருடைய அனுமதியோடு வருகிறது, யார் கோப்பில் பதிவாகிறது என்றெல்லாம் ஐம்பத்தொன்பது வயது வரை அவர் யோசித்ததே இல்லை. கட்டட மின்கணிப்பு வாரியத்தின் படியேறிய பிறகுதான் அந்த அறியாமை நீங்கியது.

ஊசியம்மா முப்பத்தோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வட்டாரத்தில் பாதிப் பேருக்கு முதல் ஊசி அவர் கையால்தான். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் போய் ஊசியம்மா என்பதே நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்றதும் ஐந்து படுக்கையில் சின்னதாக ஒரு பிரசவ இல்லம் கட்டினார். ஏன் கட்டினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது. குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையைச் சூட்டில் வைத்திருந்த வார்மர் அணைந்தது. ஊசியம்மா அந்தக் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் வர நாற்பது நிமிஷம் ஆனது. குழந்தை அதுவரை இருக்கவில்லை. அது அவருடைய மகள் பெற்ற பிள்ளை, அவருடைய சொந்தப் பேத்தி.

"என் இடத்துல வார்மர் நிக்கக் கூடாதுடா. வேற எது நின்னாலும் பரவாயில்ல," என்று எலக்ட்ரீஷியனான தம்பியிடம் சொன்னார். தம்பி ஒரு மாதம் மொட்டை மாடியிலேயே குடியிருந்து இருபது சோலார் பேனல் மாட்டினான், படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி வைத்தான். ஊர் முழுக்க இருட்டானாலும் வார்மர் எரியும் என்று எரியவிட்டும் காட்டினான். மகளுக்கு அப்போது மறுபடி ஏழு மாதம். இந்தப் பிள்ளையும் முந்தித்தான் வரும் என்று ஊசியம்மாவின் அனுபவம் சொன்னது. அதற்குள் இல்லத்தைத் திறந்தாக வேண்டும்.

திறப்பதற்கு வாரியத்தின் சான்று வேண்டும். சட்டம் இதுதான்: புதிதாகக் கட்டிய எந்தக் கட்டடமும் வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கும் என்று வாரியம் கணினியில் கணித்துப் பார்க்கும். அதே நீளம், அதே அகலத்தில் 'ஒப்புக் கட்டடம்' என்று ஒன்றைக் கற்பனையில் கட்டி, அதன் செலவையும் கணிக்கும். உண்மையான கட்டடம் கற்பனைக் கட்டடத்தைவிடக் கால் பங்கு குறைவாகச் செலவழித்தால் சான்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர்கள் இந்த வாரியத்தைப் பார்த்ததில்லை. இங்கே கறி வைப்பதே ஏட்டில்தான்.

வாரியத்தின் வாசலில் தங்க நிறத்தில் ஒரு பலகை: 'இது மின்சாரமே செலவழிக்காத கட்டடம்.' உள்ளே நுழைந்தால் பட்டப்பகலில் வரிசையாக ட்யூப்லைட் எரிந்தது. ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. ஜன்னல் வைத்தால் கணிப்பில் மதிப்பெண் குறையுமாம். எங்கிருந்தோ தடதடவென்று சத்தம் வேறு.

"அது என்னங்க சத்தம்?" என்று முதல் மேஜையில் இருந்த முத்திரைக்காரரிடம் கேட்டார் ஊசியம்மா. வந்த காகிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துவது அவர் வேலை.

"ஜெனரேட்டர்."

"மின்சாரமே செலவாகாதுன்னு வெளிய பலகை இருக்கே?"

"ஜெனரேட்டர் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா. பக்கத்து மனை. எங்க எல்லைக்கு வெளிய இருக்கிறது எங்க கணக்குல வராது."

"ஒயரு இந்தப் பக்கம் வருதே?"

"ஒயர் வரும். கணக்கு வராது," என்று பொறுமையாக விளக்கினார் முத்திரைக்காரர். பிறகு படிவத்தை எடுத்தார். "என்ன வகைக் கட்டடம்?"

"பிரசவ இல்லம்."

அவர் விரலால் பட்டியலை மேலிருந்து கீழே தடவினார். "அப்படி ஒரு வகையே இல்லையேம்மா. அலுவலகம், பள்ளிக்கூடம், விடுதி, கிடங்கு, தொழிற்சாலை. இந்த அஞ்சுல ஒண்ணு சொல்லுங்க."

"அஞ்சும் இல்லையே."

"சரி, நானே கண்டுபிடிக்கிறேன். உள்ள எத்தனை பேர் வருவாங்க?"

"ஒருத்தின்னு வைங்க."

"போறப்ப?"

"ரெண்டு பேர்."

முத்திரைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு விடையை அவர் கேட்டதில்லை. நெற்றியைத் தேய்த்து, கூரையைப் பார்த்து, கடைசியில் தெளிவுக்கு வந்தார். "உள்ள போறதைவிட வெளிய வர்றது அதிகம்னா அது உற்பத்தி. தொழிற்சாலைன்னு போட்டுக்கிறேன்."

"இரட்டைக் குழந்தை பிறந்தா?"

"ஷிஃப்ட் கூடுதல்னு தனி மனு குடுக்கணும்," என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பத்து நாள் கழித்து, கணிப்பு முடிந்ததென்று கூப்பிட்டார்கள். தம்பியும் கூடப் போனான். கணிப்பைச் செய்தவர் கண்ணாடி போட்ட ஒரு கணினிக்காரர். ஊசியம்மாவின் இல்லம் வாரியத்திலிருந்து ஐந்தே நிமிஷ தூரத்தில் இருந்தது. அவர் அதைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் கணிப்பில் பாரபட்சம் வந்துவிடுமாம்.

"உங்க கட்டடம் தேறலம்மா," என்றார். "பேனல் இருபது இருக்கு, சரி. ஆனா எங்க கோப்புப்படி உங்க வட்டாரத்துல வெயில் இல்ல."

"எது இல்ல?"

"வெயில்."

தம்பி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் இல்லாததால் ஆதாரம் காட்ட வழியில்லை.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் வாரியம் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் வெயில் அளக்கும் கருவி வைத்தது. அந்த வருஷம் முழுக்க அது அளந்ததுதான் இன்றுவரை வாரியத்தின் வெயில். அந்தக் கருவியின் தலையில் ஒரு புறா கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, சௌகரியமாக இருந்திருக்கிறது.

"அப்ப புறாவைத்தானே அளந்திருக்கீங்க?" என்றான் தம்பி.

"கோப்புல புறான்னு இல்ல சார். சைபர்னு இருக்கு."

தம்பி போனை எடுத்து மீட்டரைக் காட்டினான். "பாருங்க, நேத்து மட்டும் முப்பத்தாறு யூனிட். கண்ணு இருக்குல்ல? பாருங்க!"

கணினிக்காரர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே மறுத்தார். "மீட்டர்ல வர்றது நடந்தது. எங்களுக்கு வேண்டியது நடக்கக்கூடியது. நடந்ததை எல்லாம் எடுத்துக்கிட்டா, அப்புறம் கணிப்புக்கு என்ன சார் மரியாதை?"

ஊசியம்மா சண்டை போடவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பெரிய டாக்டர்களின் கிறுக்கைச் சமாளித்தவர் அவர். "தம்பி, புறா உக்காந்ததுக்கு ஏதாவது பரிகாரம் உண்டா உங்க புத்தகத்துல?" என்று கணினிக்காரரிடம் கேட்டார். இருந்தது. 'கருவி மறைப்புத் திருத்தம்' என்று ஒரு மனு. போட்டார். மூன்று வாரம் ஓடியது. மகளின் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. "அம்மா, திறக்கலன்னா மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். "சும்மா இரு," என்றார் ஊசியம்மா.

திருத்தம் வந்தது. புறா எவ்வளவு வெயிலை மறைத்தது என்று யாருக்கும் தெரியாததால், வாரியம் தாராள மனசோடு பக்கத்து வட்டாரத்தின் வெயிலை எடுத்து மூன்று மடங்காக்கியிருந்தது.

"இப்ப பாஸா?" என்றார் ஊசியம்மா.

"இப்பவும் தேறலம்மா," என்றார் கணினிக்காரர். "வெயில் அதிகமாயிடுச்சு."

தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"கட்டடத்தோட மொத்தச் செலவுல பத்துல ஒரு பங்குதான் வெயில்ல இருந்து வரலாம். அதுக்கு மேல வர்றதை எடுத்துக்க மாட்டோம். எடுத்துக்கிட்டா, சும்மா கிடைக்குதேன்னு ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க. உங்களுதுல பத்துக்கு ஒம்பது பங்கு வெயில்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"செலவைக் கூட்டுங்க. மொத்தம் பெருசானா வெயிலோட பங்கு தானா சின்னதாயிடும்ல?" அவர் உதவி செய்யும் ஆர்வத்தோடு ஒரு பட்டியல் நீட்டினார். ஏசி பதினான்கு, சுடுதண்ணீர் இயந்திரம் எட்டு, இரும்பு உருக்கும் சிறு உலை ஒன்று. தொழிற்சாலை வகை என்பதால் உலைக்குத் தடையில்லையாம்.

"கரண்ட் செலவைக் குறைக்கத்தானே இந்த வாரியம்?"

"ஆமாம்மா. குறைக்கணும்னா முதல்ல கூட்டினாத்தானே குறைக்க முடியும்?"

"அக்கா, எந்திரி. செவிடன் காதுல சங்கு ஊதி என்ன ஆகப்போகுது?" என்றான் தம்பி. "உலையாம்ல உலை! அதுல முதல்ல இந்தாளை இறக்கணும்."

பிரசவ அறையில் உலை வைக்க மாட்டேன் என்று ஊசியம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு பதில் வந்தால் தலைவரே விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று மகளை வீட்டில் தனியாக விட ஊசியம்மாவுக்கு மனசில்லை. எட்டு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. தம்பியின் வேனில் ஏற்றிக் கூடவே அழைத்துப் போனார்.

தலைவரின் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு வண்ணப்படம் மாட்டியிருந்தது. ஊசியம்மாவின் இல்லத்துக்கான ஒப்புக் கட்டடம். அதே ஐந்து படுக்கை, அதே மாடி. துடைத்து வைத்த பாத்திரம்போல் பளிச்சென்று இருந்தது. தலைவர் அதற்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். படத்தில் மாடி மேல் வரிசையாக இருபது பேனல் இருந்ததைத் தம்பிதான் முதலில் கவனித்தான்.

"சார், அதுல எப்படி எங்க பேனல்?"

"நியாயத்துக்காக," என்றார் தலைவர். "ரெண்டு கட்டடத்தை ஒப்பிட்டா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். உங்களுக்கு மட்டும் பேனல் குடுத்து, அதுக்குக் குடுக்கலன்னா அது பாவம் இல்லையா? அதனால அதுக்கும் போட்டோம்."

"போட்டுக்குங்க. எங்களுக்கு என்ன?"

"அங்கதான் சிக்கல் வந்துச்சு. இருக்கிறதோ இருபது பேனல். ஒரே பேனலை ரெண்டு இடத்துல எண்ணக் கூடாது. அது இந்த வாரியத்தோட உயிர்மூச்சு. யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும். நாங்க ஏழு பேர் உக்காந்து மூணு நாள் பேசினோம். ஏகமனதா உங்க கட்டடத்துல இருந்து எடுத்துட்டோம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஊசியம்மா சொன்னார்: "ஐயா, எங்கது நெஜமான கட்டடம். பேனல் அது மேலதான் இருக்கு. வெயில் அது மேலதான் விழுது."

தலைவர் இரக்கத்தோடு சிரித்தார். "அம்மா, நான் இந்த நாற்காலியில பதினாறு வருஷமா இருக்கேன். நெஜமான கட்டடம் எத்தனையோ பாத்துட்டேன். எல்லாம் ஏமாத்தும். கதவைத் திறந்து போட்டுட்டுப் போவாங்க. லைட்டை அணைக்க மாட்டாங்க. நோயாளி வருவாங்க, அழுவாங்க, சுடுதண்ணி கேப்பாங்க. மனுஷன் நுழைஞ்ச நிமிஷமே கணக்கு நாசம். இதைப் பாருங்க," என்று படத்தைக் காட்டினார். அவர் குரலே குழைந்தது. "இதுல ஒருத்தரும் இல்ல. ஒரு வருஷக் கணிப்புல ஒரு தப்பு பண்ணினதில்ல. நான் நெஜத்துக்கு விரோதி இல்லம்மா. நெஜம் ஒழுங்கா நடந்துக்கிட்டா அதுக்கும் சான்று தருவேன். எங்க வாரியத்தையே பாருங்க. துளி மின்சாரம் செலவில்லாம, இன்னைக்கும்..."

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

எல்லோரும் சுவருக்கு அப்பாலிருந்து வரும் தடதடப்புக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. பக்கத்து மனைக்காரர் அன்று கேட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். பகல் பன்னிரண்டரை மணிக்கு, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில் அடிக்க, வாரியத்துக்குள் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத கும்மிருட்டு. அந்த இருட்டிலும் தலைவரின் குரல் தொய்வில்லாமல் வந்தது: "பாத்தீங்களா? இந்த நிமிஷம் நம்ம செலவு சைபர். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்."

"அம்மா," என்றாள் மகள் இருட்டில். "பனிக்குடம் உடைஞ்சிருச்சும்மா."

தம்பி போன் வெளிச்சத்தில் வழி காட்ட, ஊசியம்மா மகளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வழியில் முதல் மேஜையிலிருந்து முத்திரைக்காரர் பதிவேட்டை நீட்டி, வெளியே போகும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தம்பி அந்தப் பதிவேட்டை வாங்கி எங்கே எறிந்தான் என்பது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சான்று இல்லாத இல்லத்தின் பூட்டைத் திறந்தார்கள். ஒன்று இருபதுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு கிராம். ஊசியம்மா துடைத்து, அழவைத்து, வார்மரில் வைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. தம்பி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பேனல் பூராவும் ஓடுதுக்கா," என்றான். அவர் வார்மரின் சிவப்பு விளக்கையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிஷம் வந்தது. நாற்பதாவது நிமிஷம் வந்தது. ஐம்பதாவது நிமிஷத்தில் குழந்தை கொட்டாவி விட்டது. ஊசியம்மா அப்போதுதான் அழுதார். முப்பத்தோரு வருஷ நர்ஸ் என்பதை மறந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

ஒன்பதாம் நாள் வாரியத்திலிருந்து முத்திரைக்காரர் வந்தார். கூடவே ஏணியோடு இரண்டு ஆட்கள். அவர் கையில் இரண்டு காகிதம். முதலாவது, ஒப்புக் கட்டடம் மிகச் சிறப்பாகத் தேறியதால் அதற்கு வழங்கப்பட்ட திறப்புச் சான்று. ஊசியம்மாவின் பார்வைக்கு நகல். இரண்டாவது ஆணை: 'மேற்படி இருபது பேனல்களும் ஒப்புக் கட்டடத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டபடியால், அவற்றைக் கழற்றி அந்தக் கட்டடத்தில் ஒப்படைக்க வேண்டும்.'

தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியை மறித்து நின்றான். "எவனாவது ஏணியில காலை வைக்கட்டும் பாக்கலாம்!"

"இருடா," என்றார் ஊசியம்மா. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நோயாளியின் சீட்டைப் படிக்கிற மாதிரி ஆணையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்காவது பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். பிறகு முத்திரைக்காரரிடம் காட்டினார்.

"இதை நீங்களே சத்தமா படிங்க."

அவர் படித்தார்: "பெறும் கட்டடத்தின் பொறுப்பாளர் நேரில் கையொப்பமிட்டு ரசீது தந்த பின்னரே பேனல்களைக் கழற்ற வேண்டும். அதுவரை அவை இயங்கும் நிலையில் வைத்துக் காக்கப்பட வேண்டும். உற்பத்தியாகும் மின்சாரம் ஒரு துளியும் வீணாகாமல் அவ்விடத்திலேயே பயன்படுத்தப்பட வேண்டும். தவறினால் தண்டனைக்குரியது."

"எழுதினது யாரு?"

"தலைவர்தான்மா. கையெழுத்து இருக்கு."

"ரொம்ப நல்ல மனுஷன். அப்ப நீங்க போய் அந்தக் கட்டடத்துல ரசீது வாங்கிட்டு வாங்க. நானே தம்பியை விட்டுக் கழட்டித் தரேன். அதுவரைக்கும் கரண்டை வீணாக்காம செலவழிக்கணும்ல? சட்டம். அதுக்கு நான் கதவைத் திறந்து வெச்சுத்தான் ஆகணும்."

ஏணிக்காரர்களில் ஒருவர் முகவரி கேட்டார். முத்திரைக்காரர் ஒப்புக் கட்டடத்தின் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனை எண் இருந்தது, தெரு இல்லை. மூவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து, வாரியத்தின் ஆணைப்படி பேனலைக் காப்பதற்காக மட்டுமே அந்த இல்லம் திறந்திருக்கிறது. அப்படிக் காத்ததில் இதுவரை அறுபத்திரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை முத்திரைக்காரர் ஏணிக்காரர்களோடு வந்து, "இன்னும் கிடைக்கலம்மா," என்பார். "நல்லாத் தேடுங்க, எங்க போயிடப்போகுது?" என்று டீ கொடுத்து அனுப்புவார் ஊசியம்மா.

போன வாரம் முத்திரைக்காரர் ஏணி இல்லாமல் வந்தார். ஆட்டோவிலிருந்து வயிற்றைப் பிடித்தபடி அவருடைய மகள் இறங்கினாள். எட்டாம் மாதம், வலி எடுத்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஊசியம்மா வாசல் மேஜையில் பதிவேட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

"என்ன வகைக் கட்டடம்னு எழுதட்டும்? தொழிற்சாலைன்னா?"

முத்திரைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்திம்மா."

"போறப்ப?"

அவருக்கு வாய் கோணியது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது. "ரெண்டு பேராப் போகணும்மா," என்றார். "எப்படியாவது ரெண்டு பேராப் போகணும்."

ஊசியம்மா பதிவேட்டை மூடிவிட்டு, உள்ளே போய் வார்மரின் ஸ்விட்சைப் போட்டார்.